சூயஸ் புகட்டும் பாடம்

மத்தியதரைக் கடலையும் செங்கடலையும் இணைக்கும் சூயஸ் கால்வாய் 1859-ம் வருஷத்தில் ஆரம்பிக்கப்பட்டு, 1869-ல் திறக்கப்பட்டது. பிரெஞ்சுக்காரரான லெஸ்ஸெப்ஸின் பெயரை உலகம் கொண்டாடுகிறது. ஆனால், ஆரம்ப வருஷங்களில் பாலைவனத்து மணலை வாரிக் கொட்டியவர்கள் யார்? கட்டாய வேலைக்கு இழுத்து வரப்பட்ட எகிப்தியக் குடியானவர்களல்லவா?

அவ்வழக்கத்தை எகிப்து நிறுத்த முற்பட்டபோது கால்வாய்க் கம்பெனி நஷ்டஈடு கோரிற்று. மத்தியஸ்தம் செய்த பிரெஞ்சு சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியன், எகிப்து 8 கோடியே 40 லட்சம் பிராங்க் செலுத்த வேண்டுமென்று 1864-ல் தீர்ப்பளித்தார். அதில் 3 கோடியே 80 லட்சம், சொந்தப் பிரஜைகளைக் கட்டாய வேலையினின்று விடுவித்ததற்காக! இதனினும் விபரீதமான நீதி உண்டோ?

கடனில் மூழ்கிய எகிப்திய அதிபர் இஸ்மாயில், 1875-ல் தம் பங்குகளைச் சுமார் 40 லட்சம் பவுனுக்கு பிரிட்டிஷ் சர்க்காருக்கு விற்றார். 1882-ல் பிரிட்டிஷ் பட்டாளமே வந்திறங்கிற்று. 1956 ஜூலை 26-ந் தேதி நாஸர் கால்வாயைத் தேச உடைமையாக்கினார். அதற்காக அவ்வருஷமே பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் ஆகிய மூன்று தேசங்களின் படையெடுப்பை எகிப்து தாங்க நேர்ந்தது.

பெரிய வேலைகள் தேசத்துக்கு அவசியமே. ஆயினும், பணம் யாருடையது, உழைப்பு யாருடையது, முடிந்தபின் அதிகாரம் யாருடையது என்ற கேள்விகளுக்கு, மண்வெட்டியைத் தொடுமுன்னரே ஜனங்கள் விடை பெற்றாக வேண்டும்.