எளியவர் படை

பணமுள்ளவனே வெல்வான் என்ற நியதி சீட்டு விளையாட்டையும் விட்டுவைக்கவில்லை. கணிதவியலாளர் ரிச்சர்ட் கார்பீல்ட் உருவாக்கி 1993 இல் வெளியான 'மஜிக்: த கதரிங்' இதற்குச் சான்று. அதன் அரிய சீட்டுகள் சாதாரண மாணவனுக்கு எட்டாக்கனி.

ஆயினும் மாற்றுவழி உண்டு. 'போப்பர்' எனும் போட்டிமுறையில், என்றேனும் 'கொமன்' தரத்தில் வெளியான சீட்டுகளுக்கே இடம். அங்கு நான் பரிந்துரைப்பது வெள்ளை நிற 'டோக்கன்' படையையே. 'ரெய்ஸ் த அலாம்' ஒரே சீட்டில் இரு வீரர்களைத் தரும். 'பட்டில் ஸ்கிரீச்' இரு பறவைகளைத் தரும்; மூன்று வெள்ளை உயிரிகளைச் சாய்த்து மீண்டும் பயன்படுத்தினால் மேலும் இரண்டு வரும். ஒவ்வொன்றின் பலமும் ஒன்றுதான். ஆனால் 'ரலி த பெசன்ற்ஸ்' இட்டதும் தாக்குவோர் ஒவ்வொருவருக்கும் இரண்டு பலம் கூடுகிறது. ஆறு பேர் சென்றால் ஆறு பதினெட்டாகிறது. எதிராளியின் தொடக்க உயிரோ 20 தான்.

ஆபத்தும் உண்டு. 'இலெக்ட்ரிக்கரி' என்ற மலிவான சிவப்புச் சீட்டு, ஓரலகு சேதத்தால் இப்படை முழுவதையும் அழிக்கவல்லது. எனவே கையிலுள்ள அனைத்தையும் ஒரே வேளையில் களமிறக்கலாகாது.

மலிவு ஒருபோதும் குறையன்று, அவசரமே குறை. பணப்பையைத் திறக்குமுன் சிந்தனையைத் திறப்பவனே நல்ல ஆட்டக்காரன் என்பேன்.