தீவுப் பறவையின் வரவு இடாப்பு

நாள்தோறும் காலையில் வகுப்பிற் புகுந்ததும் வரவு இடாப்பை விரித்துப் பெயர் கூப்பிடுவது எம்மனோர் தொழில். வராத பிள்ளையை அன்றே அறிந்தாலன்றோ ஏனென்று விசாரிக்கலாம்? காட்டுயிர்களுக்கும் இத்தகைய இடாப்பு வேண்டும் என்பதற்கு மொரீசியஸ் தீவின் வல்லூறு சான்று பகர்கின்றது.

அத்தீவின் டோடோ என்னும் பறக்கவியலாப் பறவை, எண்ணிப் பார்ப்பார் எவருமின்றி, 17ஆம் நூற்றாண்டிலே அழிந்தொழிந்தது. அவ்வழியே செல்லவிருந்தது வல்லூறும். காடுகள் வெட்டப்பட்டன, நுளம்பை ஒழிக்கத் தெளித்த டீ.டீ.ரீ. நஞ்சு, பல்லிகளை உண்ட பறவையின் உடலிற் சேர்ந்து இனப்பெருக்கத்தைக் கெடுத்தது. வெளியிலிருந்து வந்த குரங்கும் கீரியும் கூடுகளைச் சூறையாடின. 1974ஆம் ஆண்டிற் காட்டிலே காணப்பட்டவை நான்கே நான்கு!

1979இல் அங்கு சென்ற கார்ல் ஜோன்ஸ் என்பார், பறவை முதலிட்ட முட்டைகளை எடுத்துச் செயற்கை வெப்பத்திற் பொரிக்கச் செய்தார். தாய்ப்பறவையோ மீண்டும் முட்டையிட்டது. வளர்ந்த குஞ்சுகளைக் காலில் வளையமிட்டுக் காட்டில் விட்டனர். நான்கு, சில நூறாயிற்று. 1994 அளவில் அப்பணி நிறுத்தப்பட்டது. ஆயின், பின்னர் தொகை குறைந்தமை தெரியவர, 2014இல் உலகச் சிவப்புப் பட்டியலில் அதன் ஆபத்து நிலை மறுபடியும் உயர்த்தப்பட்டது.

சென்ற தவணையில் எல்லாரும் வந்தனர் என்று இத்தவணை இடாப்பைத் திறவாதிருக்கும் ஆசிரியர் உண்டோ? ஓரினத்தை அழிவினின்று மீட்பது சில ஆண்டுப் பணி. மீட்டதை எண்ணியெண்ணிக் காப்பதோ தலைமுறைதோறும் தொடரவேண்டிய பணி.