கிறிஸ்துவக் கோயிலும் ஜாதிச் சுவரும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துக் கரிசல் காட்டு ஊர்களில் நாம் ஜாதியைக் கண்டித்துப் பேசும்போதெல்லாம் கிறிஸ்துவத் தோழர்கள் சிலர், "அதெல்லாம் இந்து மதத்தின் சங்கதி, எங்கள் மதத்தில் ஜாதி கிடையாது" என்று சொல்லிவிடுவதுண்டு. அது உண்மையாய் இருக்குமானால் நம்மைவிடச் சந்தோஷப்படக் கூடியவர்கள் வேறு யாரும் இருக்க முடியாது. ஆனால், மதத்தின் யோக்கியதையை அதன் புஸ்தகத்தைக் கொண்டு அளப்பதா, அல்லது அதன் கோயிலிலும் கல்லறையிலும் நடக்கும் நடப்பைக் கொண்டு அளப்பதா என்பதுதான் கேள்வி.

முதலில் இந்து மதத்தின் கதையைச் சொல்லிவிடுவோம். நமக்கு அடுத்த கமுதியில் 1897-ம் வருஷம் நாடார்கள் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் போனார்கள் என்பதற்காக இராமநாதபுரம் ராஜா வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908-ல் நாடார்களுக்கு அங்கு நுழைய உரிமை இல்லை என்றே முடிந்தது. ஏனய்யா என்று கேட்டால் ஆகமம் என்றும், பூர்வீக வழக்கம் என்றும் பதில் சொன்னார்கள். அயோக்கியத்தனமான பதில்தான் என்றாலும், காட்டுவதற்கு அவர்களிடம் ஒரு சாஸ்திரமாவது இருந்தது. கிறிஸ்துவப் பாதிரிமாரிடம் அதுவும் இல்லை. அவர்கள் வேதத்தில் ஜாதி இல்லை என்று அவர்களே சொல்லுகிறார்கள். ஆகவே, அவர்கள் கோயிலில் ஜாதி இருந்தால் அந்தக் குற்றம் ஒன்றுக்கு இரண்டாகிறது.

இருந்ததா இல்லையா என்று பார்ப்போம். திருநெல்வேலி ஜில்லா வடக்கன்குளத்தில் 1872-ல் கட்டிய கத்தோலிக்கக் கோயில், பீடத்தில் ஒன்று சேரும் இரண்டு கிளைகளாக, கால்சட்டை போல இரண்டாகப் பிரிந்து நின்றது. ஒரு கால் வெள்ளாளருக்கு. மற்றொரு கால் நாடாருக்கு. ஒரே சாமியாரின் பூஜையைப் பார்க்கலாம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக்கூடாது! 1910-ல் கௌசானல் பாதிரியார் காலத்தில் அந்தத் தடுப்பு இடிக்கப்பட்டது. வெள்ளாளக் கிறிஸ்துவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். சென்னை ஹைக்கோர்ட் வரை சென்றும் ஜாதிச் சுவர் திரும்ப எழும்பவில்லை. வானமும் இடிந்து விழவில்லை.

நம் பக்கத்துச் சங்கதியும் உண்டு. திருச்சுழிக்குச் சமீபமான மண்டபசாலையிலும், அருப்புக்கோட்டையிலும் ஸ்தாபனங்கள் வைத்து நடத்திய அமெரிக்கன் மதுரை மிஷன், 1847-லேயே ஜாதியை விடாதவர்களுக்குச் சபையில் இடமில்லை என்று கண்டிப்புச் செய்தது. உபதேசியார்களாயிருந்தவர்களே பலர் ஜாதியைப் பிடித்துக்கொண்டு சபையை விட்டார்கள். முன்னோர் கும்பிட்ட சாமியை விட்டுவர முடிந்தவர்களுக்கு ஜாதியை விட முடியவில்லை! பானையை மாற்றினார்கள், தண்ணீரை மாற்றவில்லை.

இவையெல்லாம் பழங்கதை என்று சொல்ல முடியுமா? திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தாழ்த்தப்பட்டவர்களின் பிணத்தையும் மற்றவர்களின் பிணத்தையும் பிரிக்கச் சுவர் எழுப்பப்பட்டது. அதை இடிக்க வேண்டுமென்று 2010-ல் கூடக் கிளர்ச்சி நடக்க வேண்டியிருந்தது. உயிர் போன உடம்புக்கும் தீட்டா? மோட்சத்தின் வாசலிலும் இரண்டு திட்டிவாசல் வைத்திருக்கிறார்களா என்று பாதிரிமார்களைக் கேட்கிறோம்.

நிற்க, இதில் ஏழையின் வயிற்றுச் சங்கதி ஒன்றும் அடங்கியிருக்கிறது. 1950-ம் வருஷத்து ஜனாதிபதி உத்தரவு தாழ்த்தப்பட்டோர் என்ற உரிமையை மதத்தோடு கட்டிப்போட்டது. 1956-ல் சீக்கியருக்கும், 1990-ல் பவுத்தருக்கும் அவ்வுரிமை விரிந்தது. கிறிஸ்துவராய்ப் போன தாழ்த்தப்பட்டவருக்கு மாத்திரம் விரியவில்லை. தமிழ்நாட்டில் அவர் பிற்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டிருக்கிறார். சர்க்கார் சொல்லும் காரணம், கிறிஸ்துவத்தில் ஜாதி இல்லை என்பதே. சேரியில் அதே குடிசையில், அதே கூலிக்கு வாழுகிறவனின் இழிவு ஞானஸ்நானத் தண்ணீரில் கரைந்துபோய்விட்டது என்பது சுத்தப் பித்தலாட்டம். அந்த உரிமை அவர்களுக்குக் கிடைத்தே தீரவேண்டும் என்பது நம் கட்சி.

ஆனால், பிஷப்புமார்களுக்கு ஒரு வார்த்தை. டெல்லிக்கு மனுப்போடும்போது "எங்கள் மதத்திலும் ஜாதிக்கொடுமை இருக்கிறது" என்கிறீர்கள். பிரசங்க மேடையில் "ஜாதி இல்லை" என்கிறீர்கள். டெல்லிக்கு ஒரு நாக்கு, கோயிலுக்கு ஒரு நாக்கா? கல்லறைத் தோட்டத்தின் சாவி சர்க்காரிடமா இருக்கிறது? தேர்பவனி எந்தத் தெரு வழியே போவது என்பதையும், உங்கள் பள்ளிக்கூட வேலை யாருக்கு என்பதையும் டெல்லியா தீர்மானிக்கிறது? உங்கள் பள்ளிக்கூடங்களும் ஆஸ்பத்திரிகளும் ஏழைக்கு எழுத்தும் மருந்தும் கொடுத்ததை நாம் மறைக்கவில்லை. அந்த நன்றிக்காகச் சுவரைப் பார்த்துக்கொண்டு வாயை மூடியிருக்க வேண்டும் என்பதை மாத்திரம் ஒப்பமாட்டோம். 1910-ல் முடிந்தது இன்றைக்கும் முடியும்.

நம் தோழர்களும் இதைப் படித்துவிட்டுக் கிறிஸ்துவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டியதில்லை. அந்தச் சுவருக்குக் கல் எடுத்துக் கொடுத்தது நம் ஊர் ஜாதிதான். 1925-ல் சேரன்மாதேவி குருகுலத்தில் தனிப்பந்தி என்று கொதித்து எழுந்த இயக்கம் நம்முடையது. ஆகவே ஒவ்வொருவரும் தன் ஊர்ச் சுடுகாட்டுக்கு எத்தனை பாதை என்று முதலில் எண்ணிப் பார்க்கட்டும். எண்ணிக்கை ஒன்றுக்கு மேல் போனால், அந்த ஊரில் கோயிலின் பெயர் என்னவாயிருந்தாலும் நமக்கு அங்கே வேலை இருக்கிறது.