டாங்கிக்குப் பக்கத்தில் ஓர் ஆள்

நவராத்திரி நெருங்கினால் மைசூர் வீடுகளில் பரணிலிருந்து பெட்டிகள் இறங்கும். பழைய வேட்டித் துணியில் சுற்றிய மரப்பாச்சி ஜோடி, கடை விரித்து உட்கார்ந்த செட்டியார், தசாவதாரம், தசரா ஊர்வலம் செட்டின் யானைகளும் துப்பாக்கிச் சிப்பாய்களும் ஒவ்வொன்றாக வெளியே வரும். அரண்மனையின் கொம்பெ தொட்டியில் 19ஆம் நூற்றாண்டிலிருந்து சேர்ந்த பொம்மைகள் இருக்கின்றன. ராம்சன்ஸ் கலா பிரதிஷ்டானத்தின் பொம்மைக் கண்காட்சியைப் பார்க்கவே வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். பொம்மை செய்வதையும் அடுக்குவதையும் பெரியவர்கள் வேலையாகவே மதிக்கும் ஊர் இது.

கொலுப்படிக்குக் கீழே பிள்ளைகளுக்கென்று கொஞ்சம் தரை விடுவார்கள். பார்க், மலை, ரயில், கிரிக்கெட் மைதானம் எல்லாம் அங்கேதான். இரண்டாம் உலகப் போர்க்கால ஜப்பானிய டாங்கியின் மாதிரி ஒன்றுக்கு அந்தத் தரையில் இடம் கொடுக்கலாமா? தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் அதைத் தனியாக வைக்கக் கூடாது.

காரணம், மாதிரியின் பாகங்கள் வரும் கிட் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.

டாங்கி மாதிரிகளில் உலகமெங்கும் புழங்கும் அளவு 35இல் ஒரு பங்கு. அது பிறந்த கதை வேடிக்கையானது. ஜப்பானின் ஷிசுவோகா நகரில் மர வியாபாரமாகத் தொடங்கிய தமியா நிறுவனம், 1960களின் தொடக்கத்தில் மோட்டார் வைத்து ஓடும் டாங்கி பொம்மை ஒன்றை உருவாக்கியது. உள்ளே இரண்டு பேட்டரி அடங்க வேண்டும். அதற்குத் தக்கபடி உடலின் அகலத்தை வைத்துப் பார்த்ததில் கணக்கு 35க்கு வந்து நின்றது. பேட்டரிக்காக வந்த எண்தான் இன்று வரலாற்றை அளக்கும் கோலாகிவிட்டது.

மலாயாவிலும் பர்மாவிலும் ஓடிய 95ஆம் வகை ஹா-கோ டாங்கியை எடுத்துக்கொள்வோம். 95 என்பது ஜப்பானிய அரச ஆண்டுக்கணக்கின் 2595, நமக்கு 1935. ஜப்பானியர் எழுத்துகளை வரிசைப்படுத்தும் இரோஹா முறையில் மூன்றாவது எழுத்து ‘ஹா’. நாம் அ, ஆ, இ என்று எண்ணினால் ‘இ’ என்று பெயர் வைத்ததுபோல. 7.4 டன் எடை, மூன்று பேர், 37 மில்லிமீட்டர் பீரங்கி, 120 குதிரைத்திறன் டீசல் எஞ்சின். தசராவில் தங்க அம்பாரி சுமக்கும் யானை சுமார் ஐந்து டன் இருக்கும். ஒன்றரை யானை என்று நினைத்துக்கொண்டால் ஹா-கோவின் உருவம் பிடிபட்டுவிடும். மேசை மேல் மாதிரியின் நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர்தான்.

பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து பாகங்களை நறுக்கி, பிசிறைச் சீவி, உப்புத்தாளில் தேய்த்து ஒட்டிக்கொண்டு போகும்போது சில விஷயங்கள் விரலுக்குத் தெரிகின்றன. மேல்கூண்டில் ஒரே ஓர் ஆளுக்குத்தான் இடம். குண்டு நிரப்புவது, குறி பார்ப்பது, சுடுவது, ஓட்டுநருக்கு வழி சொல்வது எல்லாம் அந்த ஒருவர் வேலை. தகட்டின் வெக்கை தாங்காமல் உட்சுவரில் கல்நார் மெத்தை வைத்திருந்தார்கள். கவசம் தடித்த இடத்திலேயே 12 மில்லிமீட்டர்தான். அதை 35ஆல் வகுத்தால் 0.34 மில்லிமீட்டர் வருகிறது, ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டையின் கனம். அவ்வளவு மெல்லிதாகப் பிளாஸ்டிக்கை வார்ப்பது கஷ்டம் என்பதால், பொம்மையின் சுவர் கணக்குப்படி நிஜ டாங்கியின் சுவரைவிடத் தடிமனாகவே வந்துவிடுகிறது.

அந்த அட்டைக் கனம்தான் இங்கே பேசவேண்டிய செய்தி. மலாயாவில் பிரிட்டிஷாருக்காக நின்ற இந்தியப் படைகளைச் சிதறடித்த யந்திரங்களில் ஒன்று இந்த ஹா-கோ. 1941 டிசம்பர் 11 அன்று கெடாவின் ஜித்ரா அருகே, கொட்டும் மழையில் சாலையோடு வந்த ஜப்பானிய டாங்கிகள் பஞ்சாப் ரெஜிமெண்டின் ஒரு பட்டாலியனை நசுக்கிக்கொண்டு போயின. அதில் இருந்த கேப்டன் மோகன் சிங்தான் சில நாட்களில் ஜப்பானியரைச் சந்தித்து இந்திய தேசிய ராணுவத்துக்கு வித்திட்டவர். 1942 ஜனவரி 7 விடியற்காலையில் சிலிம் ஆற்றங்கரைச் சாலையில் நடந்தது இன்னும் கொடுமை. 20, 30 டாங்கிகள் நிலவு வெளிச்சத்தில் நெடுஞ்சாலையோடு வந்தன. ஹா-கோவும் அதைவிடப் பெரிய 97ஆம் வகை சி-ஹாவும் அந்த வரிசையில் இருந்தன. முன்வரிசையை உடைத்தன, பின்னால் சாலையில் நடந்து வந்துகொண்டிருந்த சிப்பாய்களைப் பிடித்தன, பாலத்தையும் பிடித்தன. வெயில் ஏறுவதற்குள் சுமார் 30 கிலோமீட்டர். 11ஆவது இந்திய டிவிஷனின் இரண்டு பிரிகேடுகள் ஒரே காலையில் இல்லாமல் போயின. நான்கு நாளில் கோலாலம்பூர் விழுந்தது.

அன்றைக்கு மலாயாவில் பிரிட்டிஷ் தரப்பில் ஒரு டாங்கிகூடக் கிடையாது. அங்கே அனுப்பப்பட்ட இந்தியச் சிப்பாய்களில் பலர் வாழ்நாளில் டாங்கியையே பார்த்ததில்லை. டாங்கியை எப்படி எதிர்ப்பது என்று விளக்கும் கையேடுகள் பிரிக்காத கட்டுகளாகத் தலைமையகத்தில் கிடந்ததைத் தலைமைப் பொறியாளர் சிம்சன் பிறகு எழுதிவைத்தார். ஜனவரி 18 அன்று மூவார் அருகே பக்ரி சாலையில், ஆஸ்திரேலியர்களிடம் இரண்டே இரண்டு டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகள் சரியான இடத்தில் நின்றன. வரிசையாக வந்த ஹா-கோக்கள் அத்தனையும் எரிந்தன. கவசம் துளைக்கும் குண்டு ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறியதால், ஆஸ்திரேலியர்கள் வெடிக்கும் குண்டுக்கு மாற வேண்டியிருந்தது. கல்யாணப் பத்திரிகைக் கனம் என்றால் அதுதான். சிலிம் ஆற்றில் சிதறிய சிப்பாய்க்குத் தைரியம் குறைவு என்று யாராவது சொன்னால், மாதிரி கட்டியவர் அந்த 0.34ஐ எடுத்துக் காட்டலாம். அவன் கையில் போதியதைக் கொடுக்காமல் சாலையில் நிறுத்தியவர்கள் வேறு ஆட்கள்.

மைசூருக்கு இதில் என்ன என்று கேட்கலாம். 1918இல் மைசூர் சமஸ்தானத்தின் லான்சர்ஸ் குதிரைப்படை ஹைஃபா நகரைப் பிடிக்கப் பாய்ந்து போனதை ஊர் பெருமையோடு சொல்கிறது, சொல்லவும் வேண்டும். ஆனால் அதே சமஸ்தானத்தின் முதலாம் மைசூர் காலாட்படையும் 1942இல் சிங்கப்பூர்க் காவலில் இருந்தது. ஜப்பானிய டாங்கிகள் சிங்கப்பூரின் புக்கிட் தீமா வரை வந்துவிட்டன. பிப்ரவரி 15 அன்று நகரம் சரணடைந்தபோது இவர்களும் கைதானார்கள். வெற்றிக்குத் தூண் எழுப்பும் ஊர்கள் தோல்வியில் அகப்பட்ட பிள்ளைகளைச் சீக்கிரம் மறந்துவிடுகின்றன. அது நியாயமே இல்லை.

தமிழர் பக்கம் இன்னும் நெருக்கம். டாங்கிகள் ஓடிய சாலையின் இருபுறமும் ரப்பர்த் தோட்டங்கள். லயங்களில் இருந்தவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து போன குடும்பங்கள். இரும்புச் சங்கிலி சாலையை அரைக்கும் சத்தத்தை அவர்கள் காதால் கேட்டார்கள். அடுத்த ஆண்டு ஜப்பானியர் அதே தோட்டங்களிலிருந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போய் 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில் பாதையில் விட்டார்கள். திரும்பி வராதவர்கள் பல்லாயிரம்.

ஆனால் கிட் பெட்டியில் மனித உருவம் இருந்தால், அது டாங்கியிலிருந்து தலை நீட்டும் ஜப்பானிய வீரருடையதாகவே இருக்கும். கடையில் தேடினால் ஜெர்மன் சிப்பாய் எத்தனை தோரணையிலும் கிடைப்பார், இந்தியச் சிப்பாய் அரிது. மாதிரி கட்டுகிறவர்கள் வண்ணத்துக்காகச் செலவிடும் நேரம் பிரமிக்க வைப்பது. காக்கி, பழுப்பு, கரும்பச்சைத் திட்டுகளுக்குக் குறுக்கே ஜப்பானியர் போரின் தொடக்கத்தில் தீட்டிய வளைந்த மஞ்சள் கோட்டை, மூன்று முடி உள்ள தூரிகையால் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுப்பார்கள். கோடு எந்த மஞ்சள் என்று மணிக்கணக்கில் வாதாடுவார்கள். அந்த அக்கறையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதில் பாதியாவது டாங்கி நின்ற சாலைக்கும் சாலையோரத்தில் நின்ற ஆளுக்கும் போக வேண்டும்.

அசலைப் பார்க்க விரும்புகிறவர்கள் மகாராஷ்டிரத்தில் முன்பு அகமத்நகர் எனப்பட்ட அகில்யாநகருக்குப் போகலாம். அங்கே 1994இல் ராணுவம் அமைத்த குதிரைப்படை டாங்கி அருங்காட்சியகத்தில் ஹா-கோவும் சி-ஹாவும் நிற்கின்றன. மைசூர்ப் பள்ளிகள் சுற்றுலாவுக்கு எத்தனையோ இடம் போகின்றன, இதையும் ஒரு முறை சேர்க்கலாம். போய் வந்த பிள்ளைகள் கட்டும் மாதிரியில் உயிர் இருக்கும்.

சண்டைச் சாமானைச் சாமி முன்னால் வைப்பதா என்று சில வீடுகளில் ஆட்சேபம் வரும். ஊர்வலம் செட்டின் சிப்பாய் தோளில் துப்பாக்கியோடுதான் இத்தனை காலமும் படியில் நின்றான், யாரும் எடுக்கச் சொன்னதில்லை. ஆட்சேபிக்க வேண்டியது, ஆளே இல்லாத மேடையில் டாங்கியை மட்டும் மினுக்கி வைப்பதைத்தான். கொலுவின் இலக்கணமே அதற்கு இடம் தராது. கொலுவில் கடை என்றால் செட்டியார் இருப்பார். கல்யாணம் என்றால் நாதசுரக்காரர் இருப்பார்.

ஆகவே டாங்கிக்கு அடியில் மலாயாச் சாலை ஒன்று வேண்டும். ஓரத்தில் செம்மண், மழை தேங்கிய பள்ளம். ரப்பர் மரம் நிஜத்தில் 20 மீட்டர் என்றால் மாதிரியில் 57 சென்டிமீட்டர் வரும், டாங்கியின் நீளத்தைப்போல நாலரை மடங்கு. பட்டையில் சாய்வாகப் பால்வெட்டிய கோடு. கீழே பால் வடியும் மங்கு, அதன் அகலம் மூன்று மில்லிமீட்டர், ஒரு கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. காக்கி அரைக்கால்சட்டையில் ஓர் இந்தியச் சிப்பாய். மரத்தருகே தலையில் துணி கட்டிய ஒரு பெண், உயரம் நாலரை சென்டிமீட்டர். அவளைக் கம்பியும் எப்பாக்சி மாவும் வைத்துக் கையால்தான் செய்தாக வேண்டும். சேலைக் கொசுவத்துக்கு டிஷ்யூ தாளைப் பசையில் நனைத்து மடித்தால் நன்றாக விழும். முகத்தைக் கடைசியில் தீட்டினால் போதும். அவள் பார்வை மட்டும் டாங்கி வரும் திசையில் இருக்கட்டும்.