கூரை குளிர்ந்தால் கூலி மிஞ்சும்

மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் வீடு என்றால், அது ஏதோ பங்களாவாசிகளின் விவகாரம் என்று தொழிலாளி மக்கள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அல்ல, தோழர்களே! அது செல்லூர் நெசவாளியின் தூக்கத்தைப் பற்றிய பிரச்னை. மேலூர், திருமங்கலம் வட்டாரத்து விவசாயக் கூலியின் மறுநாள் உழைப்பைப் பற்றிய பிரச்னை.

மதுரையின் கத்திரி வெயிலை நாம் அறிவோம். பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம், இரவெல்லாம் அதை வீட்டுக்குள் கக்குகிறது. தூங்காத உடம்பு காலையில் தறிமுன் உட்கார்ந்தால் கூலி குறைகிறது. இரவெல்லாம் விசிறி சுற்றினால் வந்த கூலியும் மீட்டரில் கரைகிறது.

கணக்கைப் பாருங்கள். 75 வாட் விசிறி நாளொன்றுக்கு 16 மணி நேரம் சுற்றினால் இரண்டு மாதத்தில் 72 யூனிட். இரண்டு விசிறிக்கு 144. 2016 முதல் கிடைத்துவரும் இலவச 100 யூனிட் விசிறிக்கே போதவில்லை! 30 வாட்டில் ஓடும் புது ரக விசிறிகள் இரண்டும் 58 யூனிட்டுக்குள் அடங்கும். ஆனால் விலை கூடுதல். ஏழை எங்கே போவான்?

ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் 1991-ல் கட்டிய வீடுகள், உள்ளிருக்கும் சூட்டை வெளியே விடாமல் காத்தன. அங்கே எதிரி குளிர். இங்கே எதிரி வெயில். அது நுழையும் வாசல் கூரை. அந்த வாசலை அடைக்க நம் கொத்தனார்களுக்குத் தெரியும். தளத்தின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதிப்பார்கள், மேலே வெள்ளையடிப்பார்கள். எதிரெதிரே சன்னல் வைப்பார்கள். இது அயல்நாட்டு வித்தையல்ல.

சர்க்கார் என்ன செய்தது? 2011-ல் பசுமை வீடுகள் திட்டம் வந்தது. 300 சதுர அடி, 1.80 லட்சம் ரூபாய், சூரிய மின்விளக்குகள். விளக்கு வந்ததை வரவேற்போம். ஆனால் பசுமை விளக்கோடு நின்றுவிடலாமா? தலைக்குமேல் இருப்பது கான்கிரீட் அல்லவா? 2024-ல் கலைஞரின் கனவு இல்லம் திட்டம் வந்தது. 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் இலக்கு. அதே 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்றும் சர்க்காரே அறிவித்தது. பேரிடர் தெருவில் மட்டுமா இருக்கிறது? கூரைக்கடியிலும் இருக்கிறது!

வாடகைக் குடித்தனக்காரன் நிலையோ இன்னும் மோசம். கூரை வீட்டுக்காரருடையது, வேர்வை இவனுடையது.

ஆகவே நாம் கோருவது இதுதான்: சர்க்கார் பணத்தில் எழும் ஒவ்வொரு வீட்டுக்கும் வெயில் தாங்கும் கூரை வேண்டும். பழைய காலனி வீடுகளுக்குச் சர்க்கார் செலவிலேயே வெள்ளைப் பூச்சு வேண்டும். வாடகை வீட்டுக் கூரைக்கு வீட்டுக்காரர் பொறுப்பேற்க வேண்டும். 2015-ல் எல்.இ.டி. பல்புகளை மொத்தமாக வாங்கி விலையைச் சரியவைத்ததுபோல், சிக்கன விசிறியையும் வாங்கித் தர வேண்டும்.

தோழர்கள் தெருத்தெருவாக இதை எடுத்துச் சொல்லட்டும். பகலெல்லாம் உழைத்தவனுக்கு இரவில் தூங்க ஒரு கூரை கேட்பது ஆடம்பரமல்ல, உரிமை!