பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு ஒரு பொய் வாக்குறுதி

வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் ஆதாரைக் காட்டி, 49ஏ பிரிவின்படி ‘சேலஞ்ச் ஓட்டு’ போடலாமாம். ‘டெண்டர் ஓட்டு’ 14 சதவீதத்தைத் தாண்டினால் மறுவாக்குப்பதிவாம். இந்த வாட்ஸ்அப் செய்தி 2019-லும் சுற்றியது, 2024-லும் சுற்றியது.

அத்தனையும் பொய். 49ஏ, வாக்குப்பதிவு இயந்திரத்தின் வடிவமைப்பு பற்றிய விதி. சேலஞ்ச் என்பது, வந்தவர் அந்த வாக்காளர்தானா என்று கட்சி முகவர் 2 ரூபாய் கட்டி ஆட்சேபிப்பது. ‘சர்கார்’ படத்தால் பிரபலமான 49பி (49P) விதியின் ‘டெண்டர் ஓட்டு’, நம் பெயரில் வேறொருவர் ஏற்கெனவே ஓட்டுப் போட்டிருந்தால் மட்டுமே உதவும். அதற்கும் பட்டியலில் பெயர் வேண்டும். 14 சதவீதக் கணக்கு எந்த விதியிலும் இல்லை.

தேர்தல் பணிக்குப் போகும் ஆசிரியை நான். வெயிலில் வெகுநேரம் நின்று வந்த, பட்டியலில் பெயர் இல்லாத பெரியம்மா ஒருவர், பேரன் அனுப்பிய அந்தச் செய்தியை என்னிடம் நீட்டினார். “இதுல போட்டிருக்கே கண்ணு, ஏன் விடமாட்டேங்கிற?” என்று கேட்டு அழுதார். வரிசையில் யாரோ, “எல்லாம் ஆளுங்கட்சிக்காரங்க வேலை” என்று கத்தினார்.

ஒரு கட்சி கிளப்பும் பொய்யை மறு கட்சி உடனே மறுக்கும். ஆனால் இந்த வாட்ஸ்அப் பொய்யால் எந்தக் கட்சிக்கும் நஷ்டமில்லை. மறுக்க யாருக்கும் அவசரமும் இல்லை. தேர்தல் ஆணையத்தின் மறுப்பு குடும்பக் குழுக்களை எட்டுவதுமில்லை. ஆகவே இதைத்தான் ஆபத்தானது என்கிறேன்.

1950-ஐ அழைத்து இப்போதே பெயரைச் சரிபாருங்கள். இல்லையென்றால் படிவம் 6 கொடுங்கள். வாக்குப்பதிவு நாளன்று வாக்குச்சாவடியில் யாராலும் உங்கள் பெயரைச் சேர்க்க முடியாது.