வரிசை எண் மட்டும் போதாது

கம்ப்யூட்டரை பார்மட் செய்தபின் எதை எதை இன்ஸ்டால் செய்வது என்று 1, 2, 3 எனப் பட்டியல் எழுதி வைப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் எதற்கு எது தேவை என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும் என்பேன் நான்.

திருச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். மலைக்கோட்டையில் படியேறினால்தான் உச்சிப் பிள்ளையார். ஸ்ரீரங்கத்தில் ஏழு பிராகாரங்களைக் கடந்தால்தான் பெருமாள் சந்நிதி. இந்த வரிசைகளை மாற்ற முடியாது. ஆனால் மலைக்கோட்டை முதலிலா, ஸ்ரீரங்கம் முதலிலா என்பது உங்கள் விருப்பம். வெறும் எண்கள் இந்த வித்தியாசத்தைக் காட்டாது.

கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். சில கணக்கு மென்பொருள்களுக்கு டாட்நெட் முதலில் இருக்க வேண்டும். பிரின்டர் டிரைவருக்கும் தமிழ் எழுத்துருவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இது தெரியாததால், நாலாவது வேலை தடைபட்டதும் மீதியைத் தொடரலாமா என்று குழம்பி, பலர் மறுபடியும் பார்மட் செய்கிறார்கள். காப்பி எடுக்காத குடும்பப் போட்டோக்களும் அதோடு போய்விடுகின்றன.

சி-டாக் 2007ல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது. டெபியனில் ஒவ்வொரு மென்பொருள் தொகுப்பும் தன் தேவைகளைத் தன்னிடமே குறித்து வைத்திருக்கும். வரிசையை ஆப்ட் என்ற புரோகிராம் கணக்கிட்டுக்கொள்ளும். பல சர்வர்களை ஒரே மாதிரி அமைக்க 2005ல் வந்த பப்பெட்டிலும், ‘இதற்கு முன் இது வேண்டும்’ என்று எழுத வழி உண்டு.

அடுத்த முறை சர்வீஸ் இன்ஜினியர் வரும்போது, ‘இது எதற்கு முன்னால், ஏன்?’ என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தேவையில்லாத இடத்தில் முன்பின் போடாதீர்கள். பாதி பயம் போய்விடும்.